ரேக் வரிசையில் எங்கள் தேதி

பெங்களூரு யஷ்வந்த்பூர் மண்டியில் எங்களுக்குத் தானிய வியாபாரம். தாவணகெரே பக்கத்து மக்காச்சோளத்தை நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு அனுப்புகிறோம். போன வருஷம் லாரி வாடகை கட்டுப்படியாகாமல் முழு ரேக், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலுக்கான வேகன் தொகுப்பு, எடுக்க முடிவு செய்தோம். 42 மூடிய வேகன், சுமார் 2,600 டன்.

ரயில்வேயிடம் ரேக் கேட்டு இண்டெண்ட் என்ற விண்ணப்பம் போட்டுப் பதிவுக் கட்டணமும் கட்டினோம். பதினெட்டு நாள் ஆகியும் ரேக் வரவில்லை. எங்களுக்கு ஆறு நாள் பிந்திப் பதிந்தவருக்கு அதே சரக்கு ஷெட்டில் ரேக் வந்து நின்றது. மேஸ்திரி போன் செய்தார்: "அண்ணே, நம்ம அடி மூட்டையில ஈரம் ஏறுது. பக்கத்துல அவங்க லோடு ஏத்துறாங்க."

சண்டை போடவே கிளம்பினேன். மண்டியில் பழைய கிளியரிங் ஏஜென்ட் ஒருவர் நிறுத்தினார். "அவர் எப்படி முந்தினார்னு முதல்ல பாரு தம்பி."

அவர் சொன்னது சரிதான். ராணுவச் சரக்கு, நிவாரணப் பொருள், அரசு உணவு தானியம் எல்லாம் முன்னால் போகும். அப்படி முன்னுரிமை தரச் சொல்ல 1989 ரயில்வே சட்டத்தின் 71ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 70ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ ஒரு வகைச் சரக்குக்கோ நியாயமற்ற சலுகை காட்டக்கூடாது என்கிறது. மீறினால் 36ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு அதற்கு ரயில்வே கட்டணத் தீர்ப்பாயம் இருந்தது, 2017இல் அதை ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தோடு இணைத்துவிட்டார்கள். எங்களை முந்தியதும் மக்காச்சோளம்தான், போவதும் நாமக்கல்தான். வழித்தடத்தில் நெரிசல் என்றும் சொல்ல வழியில்லை.

ரயில்வே அதிகாரிக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். யார் மேலும் குற்றம் சாட்டவில்லை. இரண்டு பதிவுகளின் எண்ணையும் தேதியையும் போட்டு, எந்த முன்னுரிமை உத்தரவின்படி இப்படி ஒதுக்கினீர்கள் என்று மட்டும் கேட்டேன். அதிகாரியிடம், "சார், சலுகை கேட்டு வரல. எங்க தேதிக்கு உரிய இடத்தைத்தான் கேக்கிறேன்" என்றேன். நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வரவில்லை. இதை யாரும் விட்டுவிடாதீர்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

நாலாம் நாள் ஒதுக்கீடு வந்தது. என் கேள்விக்கு எழுத்தில் பதில் வரவில்லை, அதைக் கேட்டு இரண்டாவது கடிதமும் போட்டிருக்கிறேன்.

அப்புறம் எங்கள் பொறுப்பு. ஏற்ற 9 மணி நேரம்தான். தாண்டினால் வேகனுக்கு மணிக்கு 150 ரூபாய் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம், 42 வேகனுக்கு 6,300. அவசரத்திலும் மேஸ்திரி ஒவ்வொரு வேகனுக்குள்ளும் ஏறிக் கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் எங்கே வெளிச்சம் ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் வரும் இடத்தில் மழையும் வரும். இரண்டு வேகனில் ஓட்டை இருந்தது. தார்ப்பாய் வைத்து அடைத்தோம். ஈரம் ஏறிய மூட்டைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டோம். கடைசிக் கதவைச் சாத்தும்போது எட்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.