126-ல் ஓடிய கல்யாணக் கூட்டம்

கல்யாண ரிசப்ஷனைப் பழைய வைக்கோல் கொட்டகையில் வைக்கலாம் என்று முடிவெடுப்பவர்கள், போட்டோவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். உயரமான மரத்தூண், உத்தரத்திலிருந்து தொங்கும் சீரியல் பல்பு, எல்லாம் அழகுதான். ஆனால் போட்டோவில் எதிரொலி விழாது.

அப்படி ஒரு கொட்டகைக்கு டிஜேவாகப் போயிருந்தேன். மத்தியானம் ஸ்பீக்கர்களை இறக்கிவைத்துவிட்டு, நட்டநடுவில் நின்று ஒரே ஒரு முறை கை தட்டினேன். கூரை ஒரு தடவை திருப்பித் தட்டியது. எதிர்ச்சுவர் தன் பங்குக்கு இன்னொன்று. துணியும் மனித உடம்பும் ஒலியை நன்றாக உறிஞ்சும். தகரமும் சிமென்ட் தரையும் உறிஞ்சாது. "கூட்டம் வரட்டும் சார், சரியாயிடும்" என்றேன் மணமகளின் அப்பாவிடம். நான் ஏதோ சாக்குச் சொல்வதாக அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அடுத்து கூரை. பேஸை, அதாவது அடிக்குரல் சத்தத்தை, 40 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டு போனால், 55 பக்கத்தில் ஒரு தகரம் கடகடவென்று தானும் கச்சேரியில் சேர்ந்துகொண்டது. ஈக்வலைசரில் அந்த இடத்தை மட்டும் ஒடுக்கமாக வெட்டியதும் தகரம் அடங்கியது. உத்தரத்துப் புறாக்கள் அடங்கவில்லை. என் மேஜைக்கு நேர் மேலே வரிசையாக உட்கார்ந்து, இசை பற்றிய தங்கள் கருத்தை அவ்வப்போது கீழே அனுப்பின. லேப்டாப்புக்கு மேல் ஒரு குடையை விரித்துக் கட்டினேன். டிஜேவுக்குத் தேவையான சாமான்கள் பட்டியலில் குடையை எவரும் சேர்த்ததாகத் தெரியவில்லை. சேர்க்கலாம்.

கொட்டகை நல்ல நீளம். கடைசி வரிசை மேஜைகளுக்காக, முன் ஸ்பீக்கரிலிருந்து 25 மீட்டர் தள்ளி இரண்டு ஸ்பீக்கர்களை நிறுத்தியிருந்தேன். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். முன்னால் கிளம்பியது பின்னால் வந்து சேர 73 மில்லி வினாடி ஆகும். பின் ஸ்பீக்கருக்கோ ஒயரில் உடனே வந்துவிடும். அப்படியே விட்டால் கடைசி மேஜைக்காரர்களுக்கு எல்லாப் பாட்டும் இரண்டிரண்டாகக் கேட்கும். அதனால் பின் ஸ்பீக்கரை அந்த 73 மில்லி வினாடி பிடித்துவைக்க வேண்டும். வைத்துக்கொண்டிருக்கும்போது தோளுக்குப் பின்னால் ஒரு தொண்டைக் கனைப்பு. மணமகனின் மாமா. எல்லாக் கல்யாணத்திலும் ஒலியறிவு படைத்த ஒரு மாமா இருப்பார்.

"தம்பி, பின்னாடி ஸ்பீக்கர் லேட்டா வருதே?"

"நான்தான் லேட் பண்றேன் மாமா."

"காசு முழுசா வாங்கிட்டு எதுக்கு லேட் பண்றே?"

இதற்கு இயற்பியலில் பதில் கிடையாது. "சரி பண்ணிடறேன்" என்று சொல்லி, எதையும் தொடாமல் ஒரு பட்டனை அழுத்துவதுபோல் நடித்தேன். ரொம்ப உற்றுக் கேட்டார். "இப்ப கரெக்டா வருது" என்று திருப்தியாகப் போனார்.

சாயங்காலம் கூட்டம் வந்தது. எதிரொலியும் நான் சொன்னபடியே பாதிக்குப் பாதி காணாமல் போனது. மணமகளின் அப்பா தூரத்திலிருந்து தலையசைத்தார். தரை நிறைந்து, சின்னப் பிள்ளைகள் சப் ஊஃபர் மேல் கை வைத்து அதிர்வை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வாயசைக்கும் ஒரு பாட்டை, 118 பிபிஎம் (நிமிடத்துக்கு 118 தட்டு), அப்போதுதான் போட்டேன். முதல் சரணம் தாண்டிப் பல்லவி திரும்பி வந்த அதே நொடியில் கொட்டகை மொத்தமும் இருண்டது.

காரணம் எளிமையானது. மேடைக்கும் பின்கட்டுக்கும் ஒரே லைன். 16 ஆம்பியர் பிரேக்கர், 230 வோல்ட். பெருக்கினால் 3,680 வாட். பின்கட்டில் யாரோ 3,000 வாட் வெந்நீர் பாய்லரைப் போட்டிருக்கிறார்கள். மேடைப் புகை மெஷினோ, சூடு ஆறும்போதெல்லாம் தன் ஹீட்டரைத் தானே போட்டுக்கொள்ளும் பிராணி. இரண்டும் ஒன்றாகக் கண் விழித்ததில் பிரேக்கர் விழுந்துவிட்டது.

ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிட்டன. கூட்டம் ஆகவில்லை. கை தட்டிக்கொண்டு பல்லவியை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, பாட்டை இயக்கும் கன்ட்ரோலர் பலகையும் அதிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் என் ஹெட்போனில் மட்டும் பாட்டு ஒழுங்காக 118-ல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதைக் கழற்றிக் கேட்டேன். வெளியே வேறு வேகம். வழிகாட்ட ஆளில்லாமல் கை தட்டும் கூட்டம் பெரும்பாலும் மெதுவாகாது, ஏறிக்கொண்டேதான் போகும். தட்டத் தட்ட வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டும் டேப் பட்டனை அவர்கள் தாளத்துக்குத் தட்டிப் பார்த்தேன். 121. கொஞ்சம் கழித்து 124. முன்வரிசையில் ஒரு அத்தை, செருப்பைக் கையில் எடுத்து நாற்காலியில் தட்ட ஆரம்பித்ததும் 126.

வழக்கமாக டிஜே ஒரு பாட்டை இன்னொரு பாட்டோடு சேர்ப்பார். இங்கே பாட்டை ஒரு அத்தையோடு சேர்க்க வேண்டியிருந்தது. பாட்டின் வேகத்தை மாற்றும் என் பிட்ச் ஃபேடர் இருந்த அமைப்பில் கூட்டவோ குறைக்கவோ 8 சதவீதம்தான் இடம். 118-ஐ 126 ஆக்க 6.8 வேண்டும். ஆக, அத்தை நிமிடத்துக்கு இன்னும் இரண்டு தட்டு கூட்டினால் நான் அம்பேல். குரல் கீச்சென்று மாறாமல் இருக்க கீ லாக்கைப் போட்டு, பல்லவியின் தொடக்கத்தில் நிறுத்திவைத்து, கரன்ட் வரும்போது 'டம்' என்று வெடிக்காமலிருக்க மாஸ்டர் வால்யூமைக் கீழே இறக்கிவிட்டுக் காத்திருந்தேன்.

பல்பு எரிந்தது. ஸ்பீக்கர்கள் முழித்துக்கொள்ள இரண்டு மூச்சு கொடுத்து, அவர்கள் பல்லவியின் முதல் தட்டுக்குச் சரியாக விட்டேன். விழுந்த சத்தத்தில் அந்தத் தகரம்கூட மறுபடி ஒரு தடவை ஆடியிருக்கும். புறாக்கள் கிளம்பியே போய்விட்டன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாமா வந்தார். "பாத்தியா, நான் சொன்னப்புறம் எவ்ளோ கரெக்டா வருது!"

பாய்லரா புகையா, எதை வைத்துக்கொள்வது என்று ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது. புகைக்கு ஆதரவாக ஒரு கைகூட உயரவில்லை, போட்டோகிராபரைத் தவிர.

அப்புறம் எல்லாம் சுமுகம். "இதுதான் கடைசிப் பாட்டு" என்று பலமுறை அறிவித்தேன். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு சித்தப்பா "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று வந்து நின்றார். கடைசியில் கொட்டகைக்காரரே பொறுமையிழந்து மெயினை அணைத்துவிட்டார். ஒரு நொடிகூட ஆகவில்லை, இருட்டில் அதே செருப்புச் சத்தம் கிளம்பியது; பின்னாலேயே கூட்டம். இந்த முறை 130-ஐத் தாண்டியிருக்கும். நான் டேப் பட்டனைத் தொடவில்லை. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தேன்.