பனி இல்லாத ஊரில் பனிச்சரிவுப் பாடம்

பனியே பெய்யாத ஏற்காட்டில் பனிச்சரிவைப் பற்றி என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று சேலத்து நண்பர்கள் கேட்பதுண்டு. ராணுவப் பணியில் இமயமலையில் பனியைத் தோண்டிப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்த நான், ஓய்வுக்குப் பின், குளிர்கால மலையேற்றத்துக்கு வடக்கே கிளம்பும் நம்மூர் இளைஞர்களுக்கு முதலில் பழக்குவது சரிவின் கோணத்தை அளப்பதைத்தான். அதற்குக் கொண்டை ஊசி வளைவுகளை ஒட்டிய காப்பித் தோட்டச் சரிவுகளே போதும். பாளமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் நிகழ்கின்றன. கண்ணால் மதிப்பிடச் சொன்னால், 28 டிகிரிச் சரிவைக் காட்டி "நாற்பத்தஞ்சு இருக்கும் சார்" என்பார்கள். கைப்பேசியைச் சரிவில் சாய்த்து வைத்து அளந்த பிறகு சற்று நேரம் பேச்சே இருக்காது.

அடுத்தது, அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ளாத செய்தி: பனி குறைவாக இருப்பது பாதுகாப்பு ஆகாது. தரையை ஒட்டிய பனி ஏறத்தாழ 0 டிகிரியில் இருக்க, மேற்பரப்போ இரவில் கடுமையாகக் குளிர்கிறது. பனி மெல்லியதாக இருந்தால் இந்த வேறுபாடு குறைந்த உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது, 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் போனால், நீராவி மேல்நோக்கி நகர்ந்து, அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத சீனி போன்ற மணிகளாக மாறுகிறது. பின்னர் பெய்யும் கனத்த பனியெல்லாம் இந்த நலிந்த அடுக்கின் மேல்தான் உட்காருகிறது. லடாக், காரகோரம் பகுதிகளின் வறண்ட குளிரில் இதை அடிக்கடி காணலாம்.

அதைக் கண்டறியக் குழி தோண்டி, 30 செ.மீ. நீள அகலத்தில் ஒரு பனித்தூணைத் தனியே அறுத்து நிறுத்தி, அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 எனத் தட்டுவோம். எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதைவிட, எப்படி உடைந்தது என்பதையே நான் கூர்ந்து பார்ப்பேன். கரடுமுரடாக நொறுங்கினால் அவ்வளவு கவலையில்லை, மேசை விரிப்பை உருவியதுபோல் வழவழப்பாக நழுவி வந்தால் அந்தச் சரிவில் கால் வைப்பதற்கில்லை. ஆனால் ஒரு குழி அந்த இடத்துக்கு மட்டுமே சாட்சி. பத்தடி தள்ளினால் கதை மாறலாம்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 வீரர்கள் புதையுண்டதையும் பயிற்சியில் தவறாமல் கேட்கிறார்கள். அங்கே சரிந்து விழுந்தது பெரும் பனிக்கட்டிச் சுவர். அதை இத்தகைய குழிச்சோதனை முன்கூட்டிச் சொல்லாது.

ஆகவே குழியில் ஒன்றும் உடையாவிட்டாலும், புதுப்பனி விழுந்திருந்தாலோ, காற்று பனியை அள்ளிக் குவித்திருந்தாலோ, காலடியில் 'வும்' என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, 30 டிகிரிக்குக் குறைந்த, தலைக்கு மேல் செங்குத்துச் சரிவு இல்லாத வழியையே எடுக்கச் சொல்கிறேன். இவ்வளவு காசு கட்டி வந்தோமே என்று முணுமுணுப்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரை முன்னால் நடக்கவிடாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன்.