சொட்டும் வியர்வையும் காயும் வியர்வையும்

சென்ற மே மாதம், அக்னி நட்சத்திரம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்த ஞாயிற்றுக்கிழமையன்று, முத்தியால்பேட்டையிலிருந்து கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை சைக்கிளில் போய்வரக் கிளம்பினேன். விடியுமுன் புறப்படுவதாக இருந்தவன், பின்சக்கரத்தில் காற்று இறங்கிக் கிடந்ததைப் பார்த்து, பஞ்சர் ஒட்டி, டீ குடித்து, ஏழரை மணிக்குத்தான் மிதிக்கத் தொடங்கினேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும் வழியில் கன்னியக்கோயிலைத் தாண்டியதும், சரியாக மூடாத குழாயைப்போல என் முழங்கையிலிருந்து வியர்வை சைக்கிளின் மேல்கம்பியில் சொட்டிக்கொண்டே வந்தது. கிருமாம்பாக்கத்தை நெருங்கியபோது கை மயிர்கள் சிலிர்த்து நின்றன; அந்த வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் நேராகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரமோ அதை இரண்டு முறை தாண்டி மண்ணில் இறங்கி ஏறியது.

மர நிழலில் கூழ் விற்றுக்கொண்டிருந்த ஒரு ஆயாதான் என்னைக் கவனித்தவர். “இன்னா தம்பி, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு? மொதல்ல ஒக்காரு” என்று சொல்லி, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே ஒரு சொம்புத் தண்ணீரை என் தலையில் ஊற்றினார். பிறகு கேழ்வரகுக் கூழில் மோர் விட்டு, உப்பைத் தாராளமாகப் போட்டுக் கொடுத்தார். இரண்டு சொம்பு உள்ளே போன பின்னரே பார்வை தெளிந்தது. கைப்பேசியில் வெப்பநிலையைப் பார்த்தேன்: 35 பாகை. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஜூலை மாதம் பிரான்சில் நாற்பது பாகை வெயிலில் இருநூறு கிலோமீட்டர் மிதிப்பவர்களை ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் பார்க்கிறவன், முப்பத்தைந்துக்கே சுருண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கப்பட வேண்டிய எண் அதுவல்ல என்பது பிறகுதான் புரிந்தது.

நல்ல பந்தய வீரர் ஒருவர் மிதிகட்டையில் 300 வாட் ஆற்றலைச் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடல் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்குதான் சக்கரத்தைச் சேர்கிறது, மீதியெல்லாம் வெப்பம். ஆகவே அவர் உடலுக்குள் ஆயிரம் வாட் அளவுக்கு, அதாவது வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி ஒன்று மணிக்கணக்கில் அணையாமல் எரிவதற்குச் சமமான சூடு உண்டாகிக்கொண்டே இருக்கிறது. காற்று தோலைவிடச் சூடாகிவிட்ட நாளில் இதை வெளியேற்ற இருக்கும் வழி வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கணக்குப் போட்டால், அந்த இஸ்திரிப்பெட்டியைச் சமாளிக்க மணிக்கு ஒன்றரை லிட்டர் வியர்வை தேவை. ஆனால் அது ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது காயாமல் சொட்டத்தான் செய்யும். என் முழங்கையிலிருந்து கம்பியில் சொட்டியது எந்த வெப்பத்தையும் எடுத்துப் போகவில்லை. உடம்பிலிருந்த தண்ணீரும் உப்பும் வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2024 முதல் கடைப்பிடிக்கும் உயர்வெப்ப நெறிமுறை, வெறும் வெப்பமானி எண்ணைக் கணக்கில் கொள்ளாததற்குக் காரணமும் இதுவே. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதில் இரண்டு பங்கு, சாதாரண வெப்பமானி காட்டுவதில் ஒரே ஒரு பங்கு என்று மூன்றையும் கூட்டி வரும் குறியீட்டை வைத்து, வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஐந்து நிலைகளை அந்த நெறிமுறை வகுத்திருக்கிறது. குறியீடு 28ஐத் தாண்டினால் சிவப்பு.

இந்தக் கணக்கை எங்கள் மொட்டை மாடியில் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வெப்பமானிகள் வாங்கினேன். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துண்டைச் சுற்றி, அதன் முனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டேன். இன்னொன்றைக் கறுப்புச் சாயம் பூசிய பிளாஸ்டிக் பந்துக்குள் செருகினேன். ஆய்வுக்கூடத் துல்லியம் இதில் கிடையாது. அடுத்த ஞாயிறு முற்பகலில் சாதாரண வெப்பமானி 35, ஈரத்துணி 28, கறுப்புப் பந்து 47 காட்டின. கூட்டினால் 32.5. நாற்பது பாகை வெயிலும், ஐந்தில் ஒரு பங்கு ஈரப்பதமும் உள்ள தென்பிரான்சின் ஒரு பிற்பகலுக்கு, கறுப்புக் கோளத்துக்கு 52 என்று தாராளமாகவே கொடுத்துக் கணக்கிட்டாலும், முப்பதை ஒட்டித்தான் வருகிறது. இரண்டும் சிவப்புதான் என்றாலும், ஐந்து பாகை குறைவான நம் ஊர்தான் மேலே நிற்கிறது. கடல்காற்று வந்துவிட்டால் தப்பித்தோம் என்று இங்கே எல்லோரும் சொல்வோம். அது சூட்டைக் குறைப்பது உண்மை. கூடவே ஈரத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. நம்முடைய புழுக்கத்துக்குப் பங்காளி டோக்கியோதான்: 2021 ஜூலை 24 அன்று ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தின் 234 கிலோமீட்டரை அப்படிப்பட்ட காற்றில் மிதித்துத்தான் ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ் தங்கம் வென்றார்.

பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். எங்கள் தெருவில் ஒரு சொல்தா மாமா இருந்தார். ஜூலை மாதம் முழுக்க மாலை வேளைகளில் அவர் வீட்டுப் பிரெஞ்சு சேனலில் தூர் த பிரான்ஸ் பந்தயம்தான் ஓடும். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அவரால். புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த 1950ஆம் ஆண்டின் பந்தயத்தைப் பற்றி அவர் அலுக்காமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. பெர்பிஞ்ஞானிலிருந்து நீம் நகருக்குப் போகும் ஒருநாள் கட்டத்தில், கொளுத்தும் வெயிலில், வடஆப்பிரிக்க அணியைச் சேர்ந்த அப்தெல்-காதர் ஸாஃபும் மர்செல் மொலினெஸும் கூட்டத்தை விட்டு வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள். முடிவுக்கோடு நெருங்கும் நேரத்தில் ஸாஃப் சாலையில் வளைந்து வளைந்து ஓட்டி விழுந்தார். அவரை ஒரு மரத்தடியில் கிடத்தினார்கள். விழித்தெழுந்தவர் சைக்கிளில் ஏறி, வந்த வழியே திரும்பி மிதித்துப் போனார். அன்று வென்றது மொலினெஸ். இன்றுவரை பேசப்படுவது ஸாஃப். வழியில் யாரோ கொடுத்த ஒயினைக் குடித்ததால்தான் அப்படி ஆனது என்பது கதையின் பிரபலமான வடிவம், மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பதும் அதைத்தான். கிருமாம்பாக்கத்துக்குப் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. நேராகப் போக முடியாமல் தள்ளாடுவதும் திசை தெரியாமல் போவதும், மூளை வரைக்கும் சூடேறிவிட்டதற்கான முதல் அடையாளங்கள். ஒயின் இல்லாமலே அது நடக்கும். அதே ஆண்டுப் பந்தயத்தில் சேந்த்-மாக்சிம் கடற்கரையைக் கண்டதும் வீரர்கள் பாதி வழியில் கடலுக்குள் இறங்கிவிட்ட புகைப்படமும் உண்டு. அமைப்பாளர்கள் கோபப்பட்டார்களாம், என் கண்ணுக்கு அன்றைக்கு அவர்கள் செய்த மிகச் சரியான காரியம் அதுதான்.

1967 ஜூலை 13 அன்று, அதே தூர் த பிரான்ஸ் பந்தயத்தில், மோன் வான்தூ மலையில் இங்கிலாந்தின் டாம் சிம்சனும் அப்படித்தான் சாலையின் இரு ஓரங்களுக்கும் அலைந்து விழுந்தார். ஏற்றிவிடச் சொல்லி மறுபடி மிதித்து, மறுபடி விழுந்து, இறந்துபோனார். அவர் உடலில் ஆம்ஃபெட்டமைனும் மதுவும் இருந்தன. ஊக்கமருந்து வரலாற்றில் அவர் பெயர் இடம்பெறுவது நியாயமே. ஆனால் அதோடு விட்டுவிட்டால் பாதிக் கதைதான். வீரர்கள் தண்ணீர் வாங்கிக்கொள்ள அன்று கடுமையான கட்டுப்பாடு இருந்தது. அதிகம் குடித்தால் கால் கனக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. போதாததற்கு அந்த மலையின் மேற்பகுதி மரமற்ற வெள்ளைப் பாறை. சமதரையில் மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போகிறவருக்கு அவருடைய வேகமே விசிறியாகிவிடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் பதினைந்துக்கு இறங்கும்போது விசிறி நின்றுபோகிறது, இஸ்திரிப்பெட்டியோ முன்னிலும் அதிகமாக எரிகிறது. கூட்டத்தின் நடுவே ஒளிந்து போகிறவருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. எதிர்க்காற்றிலிருந்து தப்புகிறார், குளிர்ச்சியையும் இழக்கிறார்.

வெயில் உடம்பை மட்டும் குறிவைப்பதில்லை என்பதை மாமா வீட்டில் உட்கார்ந்தே பார்த்தேன். 2003 ஜூலை 14, பிரெஞ்சுத் தேசிய தினம். பதக்கங்கள் குத்திய கோட்டைக் கழற்றாமலே மாமா தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தார். ஐரோப்பாவை வெப்ப அலை வாட்டிய ஆண்டு அது. காப் நகரை நோக்கி இறங்கும் சாலையில் தார் இளகிக் கிடந்தது. இரண்டாம் இடத்திலிருந்த ஸ்பெயினின் ஹொசேபா பெலோக்கி பிரேக் பிடித்ததும் பின்சக்கரம் இறுகி, டயர் விளிம்பை விட்டுக் கழன்று, அவர் தரையில் மோதினார். தொடை எலும்பும் முழங்கையும் மணிக்கட்டும் முறிந்தன. பின்னால் வந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அவர்மேல் ஏறாமலிருக்கத் திருப்பி, வயலுக்குள் இறங்கிக் குறுக்கே ஓட்டிச் சென்று மறுபடி சாலையைப் பிடித்தார். உலகம் அந்த வயலைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு மறக்காதது தரையில் கிடந்து பெலோக்கி அலறிய சத்தம்.

வீரர்கள் ஒன்றுகூடி ‘முடியாது’ என்று சொன்னது 2015 பிப்ரவரியில், ஓமான் பந்தயத்தில். மணற்புயலோடு தொடங்கிய நாள், பின்பு சூட்டில் டயர்கள் வெடிக்கும் அளவுக்குப் போனது. அவர்கள் ஒரு பாலத்தடி நிழலில் நின்றுவிட்டார்கள், அந்தக் கட்டமே ரத்தானது. கடும் வானிலைக்கான பொது நெறிமுறை அதற்குப் பின்னரே நடைமுறைக்கு வந்தது. 2018 ஜனவரியில் அடிலெய்ட் பந்தயத்தின் மூன்றாம் கட்டத்தில் 26 கிலோமீட்டரைக் குறைத்தார்கள். 2022 ஜூலை 17 அன்று தூர் த பிரான்ஸில் ரோடெஸிலிருந்து கர்கசோனுக்குப் போன கட்டத்துக்கோ, தார் இளகாமலிருக்கச் சாலையில் தெளிக்கவென்று 10,000 லிட்டர் தண்ணீரை ஒதுக்கி வைத்தார்கள். குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த தெருவில் வளர்ந்தவனுக்கு அதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி நேரத்தை மாற்றுவது. வெயில் காலத்தில் நடவும் களையெடுப்பும் கட்டுமரமும் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும் ஊரிலிருந்து பார்க்கும்போது, நண்பகலை ஒட்டிப் புறப்பட்டு, தார் முழுச்சூடு ஏறியிருக்கும் மாலை நான்கைந்து மணிக்கு முடியும்படி ஒரு பந்தயத்தை அமைப்பது புத்திசாலித்தனமாகப் படவில்லை. தொலைக்காட்சிக்கு உகந்த நேரம் அதுதான் என்பது தெரியும். அந்தத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருவன் என்பதும் தெரியும்.

அணிகள் தங்களால் ஆனதைச் செய்கின்றன. பெண்கள் அணியும் நைலான் காலுறைக்குள் பனிக்கட்டியை நிரப்பி முடிச்சுப் போட்டு, வீரரின் பிடரியில் சட்டைக்குள் செருகிவிடுகிறார்கள். இத்தனை கோடி செலவழிக்கும் விளையாட்டில் இதைவிட மலிவாகவும் பயனுள்ளதாகவும் வேறொன்றைக் காணோம். பந்தயத்துக்கு முன்பாகப் பத்துப் பதினான்கு நாட்கள் வேண்டுமென்றே சூட்டில் பயிற்சி எடுக்கிறார்கள். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பின் அளவு குறைகிறது. நமக்கெல்லாம் வெயில் பிறவியிலேயே பழக்கம் என்று நானும் பெருமையடித்திருக்கிறேன். ஆறு நாள் மின்விசிறிக்கு அடியில் கணக்கெழுதிவிட்டு ஏழாம் நாள் சாலைக்கு வருகிறவனுக்கு அந்தப் பழக்கம் ஏது? அது சூட்டில் உழைத்து உண்டாவது, உழைப்பை விட்டால் சில வாரங்களில் போய்விடுவது.

நேற்றுக் காலை ஐந்து மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சாதாரண வெப்பமானி 28, ஈரத்துணி 26. வெயிலே இல்லாததால் கறுப்புப் பந்தும் 28தான். கூட்டினால் 26.6, சூரியன் உதிக்காதபோதே சிவப்புக்கு ஒரு படி கீழே. இரண்டு பாட்டிலில் மோரை உப்பிட்டு நிரப்பிக்கொண்டு கிளம்பி, கடலூர் வரை போகாமல், கிருமாம்பாக்கத்திலேயே திரும்பிவிட்டேன். ஆயா அப்போதுதான் பானையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.