காருக்கும் கவுண்டருக்கும் நடுவே

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் துப்பாக்கி உரிமம் பெற்ற ஊழியர் தன் துப்பாக்கியைப் பூட்டிய காருக்குள் வைத்திருந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் தடுக்க முடியாது. 2011இல் வந்த சட்டம் அது. கடைக்குள் கொண்டுவந்தால் வேலையை விட்டு நீக்கலாம். ஒரு கடை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருப்பதால் இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இரவு ஷிப்டில் இருந்த அந்தக் காசாளர் மட்டும், “திருடன் காரைத் தேடியா வருவான் மேடம்?” என்று கேட்டார்.

“கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்” என்றேன். நம்பித்தான் சொன்னேன். கடைக்குள் பாயும் குண்டு, பால் வாங்க வந்தவர் மீதும் படலாம்.

ஒரு நள்ளிரவில் அவர் பணத்தைக் கொடுக்கத்தான் செய்தார். வந்தவன் போகவில்லை, பின்னறைக்கு நடக்கச் சொன்னான். அவர் இடுப்பிலிருந்து எடுத்துச் சுட்டார். யாருக்கும் காயமில்லை, அவன் ஓடிவிட்டான். கேமராப் பதிவில் அதற்குப் பிறகு வருவதுதான் என்னை விடவில்லை. போலீசை அழைக்கப் போனில் எண்ணை அழுத்துகிறார்; விரல் நடுங்கி நடுங்கித் தவறான எண்ணிலேயே விழுகிறது.

நீக்கக் கடிதத்தை நான்தான் கொடுத்தேன். அவர் வாதாடவில்லை. “அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். “விதி எல்லோருக்கும் ஒன்றுதான்” என்றேன். அவர் கேட்டது அதுவல்ல.

சட்டப்படி முடிவில் பிழையில்லை. மிச்சிகன் மாநிலத்தில் 2011இல் கொள்ளையரை நோக்கிச் சுட்ட, வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடையின் மருந்தாளுநர் வேலை இழந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. ஆனால் யூட்டா மாநில உச்ச நீதிமன்றம் 2015இல், வால்மார்ட் ஊழியர்கள் தொடர்ந்த வழக்கில், பலத்த காயம் நேரும் அபாயம் உடனடியாக இருந்து, விலகிப்போகவும் வழியில்லாதபோது தற்காத்துக்கொண்டவரை அதற்காக நீக்கக் கூடாது என்றது. விலகிப்போக வழி. பின்னறைக்குப் போவது அந்த வழியா? எங்கள் பயிற்சிக் கையேடு கல்லாப் பணத்தோடு முடிந்துவிடுகிறது.

ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் அடுத்த வாரமே முன்கோபி ஒருவர் துப்பாக்கியோடு கவுண்டரில் நிற்பார். அதனால் அதே கோப்பு மறுபடி வந்தாலும் கையெழுத்திடுவேன் என்றுதான் நினைக்கிறேன். இரவில் இருவர் பணியில் இருக்க வேண்டும், கவுண்டருக்குக் குண்டு துளைக்காத கண்ணாடி வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். செலவுக் கணக்கு கேட்டிருக்கிறார்கள்.