கரைவலையும் கமராவும்: திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பு படிக்கப் போகிறவர்களுக்கு

முதலாம் வருடத்தில் எனக்கு ஆகக் குறைந்த மார்க் வந்தது கமராப் பாடத்துக்குத்தான். உவர்மலையிலும் உப்புவெளியிலும் இரண்டு வருடம் கலியாண வீடியோ எடுத்துவிட்டுப் போனவன் நான். வகுப்பில் பாதிப் பேர் அப்போதுதான் ட்ரைபொடைத் தொட்டுப் பார்க்கிறார்கள். நான் கொடுத்த மூன்று நிமிடப் படம் அவர்களுடையதைவிடப் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார்: "இவரை ஏன் ஜன்னலுக்கு முன்னால் இருத்தினாய்?" வடிவாக இருந்தது என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, ஏதோ எழுதிக்கொண்டார்.

திருகோணமலையிலிருந்து இந்தப் படிப்புக்குப் போக நினைக்கிற தம்பி, தங்கச்சிமார் என்னிடம் முதலில் கேட்பது என்ன கமரா வாங்கலாம் என்பதைத்தான். ஒன்றும் வாங்க வேண்டாம். படிக்கும் இடத்தில் கமரா தருவார்கள். அந்த "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் தரமாட்டார்கள். மூன்று வருடமும் மார்க் போனதும் வந்ததும் அந்தக் கேள்வியில்தான்.

எங்கே படிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கலாம். மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைகள் இருக்கிறது. சில கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். என்னோடு படித்த ஒருவன் அந்த அறிவித்தலைக் கவனிக்காமல் ஒரு வருடத்தைத் தொலைத்தான். ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கையேட்டை நீங்களே வரிவரியாக வாசியுங்கள், ரியூசன் வாத்தியார் சொன்னார் என்று இருந்துவிடாதீர்கள். நான் போனது கொழும்பில், ஆங்கில மொழிமூலம். இரவு ரயிலில் ஏறி விடியக் கோட்டையில் இறங்குகிற பயணத்தை மூன்று வருடம் செய்தேன். அதைப் பற்றி வேறொரு கட்டுரைதான் எழுத வேண்டும்.

மொழிப் பிரச்சினை வரும். விரிவுரையை விட ஸ்டூடியோவில்தான் அதிகம் வரும். தொலைக்காட்சிப் பயிற்சியில் மூன்று கமரா, ஒரு கட்டுப்பாட்டு அறை. நெறியாளர், விஷன் மிக்ஸர், ஒலி, ஃப்ளோர் மனேஜர் என்று வேலைகளை வாராவாரம் மாற்றித் தருவார்கள். என் முறைக்கு விஷன் மிக்ஸர் வந்தது: எந்தக் கமராவின் படம் வெளியே போகிறது என்பதைப் பொத்தானில் மாற்றுகிற வேலை. நெறியாளராக இருந்த சிங்கள நண்பன் "ரெடி டூ" என்றான். நான் உடனே இரண்டாம் பொத்தானை அழுத்திவிட்டேன். இரண்டாவது கமராக்காரி அப்போதுதான் ஃபோகஸ் தேடிக்கொண்டிருந்தாள். மங்கலாக ஒரு பூச்சாடி ஒளிபரப்பானது. "ரெடி" என்றால் ஆயத்தமாகு, "டேக்" என்றால்தான் மாற்று. ஊரில் நாங்கள் "ரெடி" என்று சொல்லிக்கொண்டே தொடங்கிவிடுகிற ஆட்கள், விரல் அப்படிப் பழகிப் போயிருந்தது. அன்றிரவு அறைக்குப் போய் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைச் சத்தமில்லாமல் போட்டு, "ரெடி ஒன், டேக் ஒன்" என்று நானே சொல்லி மேசையில் தட்டிப் பழகினேன். பக்கத்து அறைக்காரன் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனான். இந்தப் பயிற்சியை எல்லோருக்கும் சொல்வேன். செலவில்லை.

இனி இறுதி வருடப் படம். மொத்த மார்க்கில் பெரிய பங்கு அதற்குத்தான். பதினைந்து நிமிட ஆவணப்படம், தயாரிப்புக் கோப்பு, மீள்பார்வைக் கட்டுரை, வாய்மொழிப் பரீட்சை, நான்கும் சேர்த்துத்தான் புள்ளி. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

நான் முதலில் எழுதிக் கொடுத்த திட்டத்தில் கோணேசர் கோயில், கோட்டைக்குள் திரியும் மான்கள், கன்னியாவின் ஏழு கிணறுகள், எல்லாவற்றுக்கும் மேலே ட்ரோன் எல்லாம் இருந்தது. "சுற்றுலாச் சபைக்கு அனுப்பு, காசு தருவார்கள்" என்றார் விரிவுரையாளர். கோபம்தான் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. தவிரவும் கோயிலுக்குப் போகும் வழியே பிரட்றிக் கோட்டைக்குள்ளால், அங்கே இராணுவம் இருக்கிறது. துறைமுகப் பக்கம் கடற்படைத் தளம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். கையில் கடிதம் இல்லாமல் கமராவோடு நின்றால் அரை நாள் விளக்கம் சொல்வதிலேயே போய்விடும். எந்த இடமென்றாலும் துறைத் தலைவரின் கடிதம் ஒன்று, அந்த இடத்துக்குப் பொறுப்பானவரின் சம்மதம் ஒன்று, இரண்டையும் பிரதி எடுத்துக் கோப்பிலும் பையிலும் வையுங்கள்.

கடைசியில் நிலாவெளியில் ஒரு கரைவலை வாடிக்குப் போனேன். கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுப்பதுதான் கரைவலை, வாடி என்பது அந்தத் தொழிலாளர்கள் தங்கும் கொட்டில். பிடித்த விஷயம் என்று சொல்ல முடியாது. அப்பாவின் சிநேகிதர் ஒருவருக்குச் சம்மாட்டியை, அதாவது வலைச் சொந்தக்காரரைத் தெரியும், அவ்வளவுதான். தெரிந்த ஆட்கள் இருக்கும் இடத்தில் படமெடுப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். மாணவனுக்கு அதைவிடப் பெரிய மூலதனம் இல்லை.

முதல் நான்கு நாள் கமராவை வெளியே எடுக்கவில்லை. கயிறு பிடித்தேன். உள்ளங்கை உரிந்த பிறகுதான் தெரிந்தது, இழுக்கிறவர்கள் கையால் இழுப்பதில்லை, இடுப்பால் பின்னுக்குச் சாய்ந்து நடக்கிறார்கள் என்று. அது தெரியாமல் போயிருந்தால் கைகளையே குளோசப் எடுத்துக்கொண்டு இருந்திருப்பேன். ஐந்தாம் நாள் ட்ரைபொடை விரித்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, படம் எடுங்கோ, ஆனா கயித்துக்கு உள்பக்கம் நிக்காதிங்கோ. இறுகினா காலை வாரும்." இந்த வசனத்தை அப்படியே இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதினேன். பரீட்சகர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. இணையத்தில் இருந்து எடுத்த "வயர் தடுக்கி விழலாம்" வகை வரிகளை அவர்கள் நூறு தடவை பார்த்திருப்பார்கள்.

எங்கள் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழுகிறது. இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்து நிற்பார்கள். நீங்கள் அவர்களுக்குப் பின்னால் தரையில் நின்றால் கறுத்த உருவங்கள் மட்டும் கிடைக்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கடலுக்கு முதுகு காட்டினால் முகம் முழுக்கப் பொன் வெளிச்சம். ஆறரை மணி போல இருந்து எட்டு வரைக்கும்தான் அது. அதற்குப் பிறகு வெயில் தலைக்கு ஏறி, கண் இருக்கும் இடத்தில் குழி விழுந்தது போல நிழல் வரும். தண்ணீரில் நின்று எடுத்தால் லென்ஸில் உப்புப் படியும். மெல்லிய துணியை நல்ல தண்ணீரில் நனைத்துத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். சேட்டுத் தலைப்பால் தேய்த்து நான் ஒரு ஃபில்டரைக் கீறி வைத்திருக்கிறேன்.

வெளிச்சத்தைவிட என்னை அலைக்கழித்தது ஒலி. படப்பிடிப்பு ஆடி மாதம். கச்சான் காற்று வீசுகிற காலம், தெரியும்தானே, பத்து மணிக்குப் பிறகு மண்ணையும் சேர்த்துக்கொண்டு வரும். முதல் நாள் எடுத்த இரண்டு நேர்காணலிலும் பேச்சு கேட்கவில்லை; தகரத்தில் யாரோ சாக்கு இழுப்பது போல ஒரே இரைச்சல். எடிட்டிங்கில் காற்றுச் சத்தத்தைக் கழுவிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குரலும் சேர்ந்து போய்விடும். மைக்குக்குப் போடும் மயிர்ப் போர்வை என்னிடம் இல்லை. தங்கச்சியின் பழைய கரடிப் பொம்மையின் முதுகை வெட்டி, ஊசியால் தைத்துப் போர்த்தினேன். வேலை செய்தது. (பொம்மைக்கு இன்னும் நட்டஈடு கொடுக்கவில்லை.) மீதி நேர்காணல்களை விடியற்காலையிலும், வாடிக்குள் வலைக் குவியலுக்குப் பக்கத்திலும் எடுத்தேன். வலைக் குவியல் எதிரொலியை விழுங்கும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் ஒரு வெட்டை மூட அதுதான் மருந்து.

நேர்காணலில் நான் விட்ட பிழை வேறு. "எத்தனை வருசமா இந்தத் தொழில் ஐயா?" என்று கேட்டேன். "நாப்பது" என்றார். அருமையான முகம், அருமையான வெளிச்சம், படத்தில் என் குரல் இல்லை. "நாப்பது" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து என்ன செய்வது? அடுத்த நாள் கேள்வியை மாற்றினேன்: "நீங்க முதன்முதலா வலை இழுத்த நாளைச் சொல்லுங்கோ ஐயா." ஆறு நிமிடம் பேசினார். வலை இழுக்கும்போது அவரும் தகப்பனும் பாடிய அம்பாப் பாட்டில் இரண்டு அடியையும் பாடினார். எண்ணிலோ ஆம் இல்லையிலோ பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்காதீர்கள்.

சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும். பல்கலைக்கழகம் தருவது ஆங்கிலத்தில் இருக்கும். விளங்காத தாளில் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. நான் மொழிபெயர்த்து, வாசித்துக் காட்டி, அவர்கள் தலையாட்டுவதையும் கமராவில் பதிந்தேன்.

இரண்டு தொழில்நுட்ப விஷயம், அப்புறம் விட்டுவிடுகிறேன். எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒன்று என்று வைத்தால் குழல் விளக்கின் கீழ் படம் துடிக்காது. இரண்டாவது கமராவாக வைத்த போன் 30இல் இருந்ததைக் கவனிக்காமல், ஐஸ் கொட்டிலில் எடுத்த அத்தனையும் வரிவரியாக மினுங்கி வீணாய்ப் போனது. மற்றது கார்ட். வினாடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்ட் ஒன்றரை மணித்தியாலம் வராது. மடி, அதாவது மீன் சேரும் வலையின் கடைசிப் பை, கரைக்கு வரும் அந்த ஐந்து நிமிடத்தில், நெத்தலியும் சாளையும் துள்ளும்போது, கார்ட் நிறைந்தால் அடுத்த நாள்தான். அன்றன்றைக்கு இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இரண்டும் திறக்கிறதா என்று பார்க்காமல் கார்ட்டை அழிக்காதீர்கள்.

மீள்பார்வைக் கட்டுரையில் "நல்ல அனுபவமாக இருந்தது, நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதினால் சித்தி மார்க்தான். எதைத் தீர்மானித்தீர்கள், வேறு என்ன செய்திருக்கலாம், ஏன் செய்யவில்லை என்று எழுத வேண்டும். இதைக் கடைசி வாரம் நினைவிலிருந்து எழுத முடியாது. ஒவ்வொரு இரவும் கொப்பியில் அரைப் பக்கம் கிறுக்குங்கள். என் கொப்பியில் மண்ணும் மீன் செதிலும் ஒட்டியிருந்தன. வாய்மொழிப் பரீட்சையில் கேட்டார்கள்: "கயிற்றை மட்டும் 40 வினாடி ஏன் காட்டுகிறாய்?" கொப்பியைப் பார்க்காமலே சொன்னேன்: வலை வர மணிக்கணக்கில் ஆகும், அந்தச் சலிப்பை 40 வினாடிக்காவது பார்ப்பவர் உணர வேண்டும், 20இல் வெட்டிப் பார்த்தேன், வேலை லேசானது போலத் தெரிந்தது. ஒருவர் தலையாட்டினார். மற்றவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் மார்க் வெட்டவில்லை.

முடிவு வந்த பிறகு படத்தை வாடிக்குக் கொண்டுபோனேன். இரண்டு கம்புக்கு நடுவே பெட்ஷீட் கட்டி, கடன் வாங்கிய ப்ரொஜெக்டரில் போட்டோம். தங்கள் முகம் வந்தபோதெல்லாம் கூச்சல். முடிந்ததும் அந்த "நாப்பது" பெரியவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, மடி கரையில கிடக்கு. அதுக்குப் பிறகு ஏன் நாங்க கயிறு இழுக்கிறம்?"

அந்த ஷாட்டில் முகங்களின் வெளிச்சம் நன்றாக இருந்தது என்று கடைசியில் கொண்டுபோய் ஒட்டியிருந்தேன். இரண்டு பரீட்சகர், ஒரு விரிவுரையாளர், வகுப்பு முழுக்கப் பார்த்த படம், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. "வடிவா இருந்தது ஐயா" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனார்.

எடிட்டிங் கோப்பு இரண்டாவது ஹார்ட் டிஸ்கில் இன்னும் இருக்கிறது. இந்தப் பொங்கல் லீவில் மாற்ற வேண்டும்.