தேர் போகலாமா?

தேர் போகும் வழியில் இருந்த ஒரு பழைய பாலம் அதைத் தாங்குமா என்று கணக்குப் பார்த்த எஞ்சினியர் நான். கோயில் கூட்டத்தில் எல்லாரும் தேரின் எடையைத்தான் கேட்டார்கள். தேர் சில டன்தான். டயர் போட்டது, டிராக்டர் இழுக்கும். பாலத்தின் இரு முனையிலும் நாங்கள் வைக்கச் சொன்ன பலகையில் ஒரு வண்டிக்கு 10 டன் வரை என்று இருந்தது. அப்புறம் என்ன தடை என்று ஓர் இளைஞர் எழுந்து கேட்டார். நியாயமான கேள்வி.

எனக்குத் தேர் கவலையே இல்லை. அதன் பின்னால் வரும் கூட்டம்தான் கவலை. நெருக்கியடித்து நிற்கும் மக்களுக்கு விதிநூல் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 500 கிலோ, எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தப் பாலத்தின் நடு ஸ்பான், அதாவது நடுவில் தாங்கல்களுக்கு இடையே உள்ள பகுதி, 15 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பெருக்கினால் 60 டன். காரும் காரும் ஒட்டி நின்றால்கூட இதில் பாதி வராது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1987 மே 24 அன்று தன் ஐம்பதாம் ஆண்டு விழாவில்தான் அதுவரை காணாத பாரத்தைச் சுமந்தது. அன்று அதன் மேல் இருந்தவர்கள் நடந்து வந்த மக்கள். நடுப்பகுதி 2 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, பாலத்தின் வளைவே தட்டையானது. அந்தத் தொங்குபாலம் தாங்கியது. நம்முடையது மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில், கடல்நீர் ஏறி இறங்கும் ஓர் ஆற்றின் மேல் நிற்கும் பழைய கான்கிரீட் பாலம். அதுவும் ஹாஃப் ஜாயிண்ட் பாலம்.

ஹாஃப் ஜாயிண்ட் என்றாலே எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். நடு ஸ்பானின் முனையைப் பாதி ஆழத்துக்கு வெட்டி, எதிர்ப்பக்கத்திலிருந்து நீண்டு வரும் பாதியின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். கட்டுவதற்குச் சுலபம், கணக்கும் சுலபம். ஆனால் மேலே எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்டின், அதாவது வெயிலில் பாலம் விரிய விட்டிருக்கும் இடைவெளியின், ரப்பர் கிழிந்தால், ரோட்டுத் தண்ணீர் நேராக அந்த மூட்டில்தான் போய்த் தேங்கும். உள்ளே கை நுழையாது. சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தோம். துருக்கறை தெரிந்தது, கம்பி தெரியவில்லை. கம்பியின் மின்னழுத்தத்தைக் காட்டும் ஹாஃப் செல் கருவியை வெளிமுகத்தில் வைத்து அளந்தோம். பல இடங்களில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டிப் போனது. கம்பி அரித்துக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம் என்பது அதன் பொருள். எவ்வளவு அரித்திருக்கிறது என்பதை அந்தக் கருவி சொல்லாது. அதை நான்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். கூட்டத்தின் பாரத்துக்குப் பாலம் பாஸ் ஆகவில்லை.

தொண்டர்கள் கயிறு பிடித்துக் கூட்டத்தை நிறுத்துவார்கள், தேர் மட்டும் தனியாகத் தாண்டட்டும் என்று கோயில் தரப்பில் ஒரு யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பினாங்கில் தேர் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்னால் தேங்காய் உடைக்க ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம், தட்டோடு இரண்டு பக்கமும் நெருக்கும் கூட்டம். சாமியோடு போகிறவர்களைப் பாலத்தின் முனையில் கயிறு போட்டு நிறுத்த முடியும் என்று எழுதி அதன் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது. தேர் அந்தப் பாலத்தைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பாலத்துக்குப் பொறுப்பான அலுவலகமும் ஏற்றுக்கொண்டது.

கூட்டம் முடிந்து கார் நிறுத்திய இடத்துக்குக் கோயில் செயலாளர் வந்தார். அவர் கேட்டதுதான் இன்னும் என்னை விடவில்லை.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. உங்க அம்மா அந்தத் தேருக்குப் பின்னாடி வந்தா, பாலத்துல ஏற விடுவீங்களா?"

"விடுவேன் ஐயா" என்றேன். யோசிக்கவில்லை, அப்படியே வந்தது.

"அப்புறம் எங்கள ஏன் விடமாட்டேங்கறீங்க?"

"கணக்கு அப்படி வருது ஐயா."

சரி தம்பி என்று தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான் சொன்னது பொய் இல்லை. பாரத்தை ஒன்றரை மடங்காக்கி, கான்கிரீட்டின் பலத்தை ஒன்றரையால் வகுத்து, கம்பியின் பலத்தையும் கொஞ்சம் குறைத்துத்தான் கணக்கே போடுகிறோம். அதில் தோற்ற பாலம் உடனே விழுந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. அன்று விழுந்திருக்காது என்றே நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அப்படியானால் அவர் கேட்டது சரிதானே? என் அம்மாவுக்குப் போதும் என்று நினைத்த பாலம் அவருடைய ஊருக்கு ஏன் போதவில்லை?

இதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. நான் என் மேசைக்கு வரும் எல்லாப் பாலங்களுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஒவ்வொன்றிலும் 'விழாது' என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து விட்டுக்கொண்டே போனால், ஏதாவது ஒன்றில் அந்த நம்பிக்கை பொய்க்கும். அதிலும் ஹாஃப் ஜாயிண்ட் ஷியரில், அதாவது கத்தரி வெட்டியதுபோல, உடைந்தால் முன்கூட்டித் தெரிவிக்காமலே உடையலாம். கனடாவின் லவால் நகரில் 2006 செப்டம்பர் 30 அன்று ஒரு மேம்பாலம் இதே மாதிரி தாங்கும் முனையில் ஷியரில் உடைந்து விழுந்து 5 பேர் இறந்தார்கள். கான்கிரீட் துண்டுகள் உதிர்கின்றன என்று தகவல் வந்து, ஓர் ஊழியர் போய்ப் பார்த்திருக்கிறார். கண்ணுக்குப் பட்டதை வைத்துப் பாலத்தைத் திறந்தே விட்டுவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தது. அந்த மனிதரிடம் அன்று காலை யாராவது, உங்கள் அம்மாவை ஏற விடுவீர்களா என்று கேட்டிருந்தால், அவரும் விடுவேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆனால் இந்தப் பதிலை நான் செயலாளரிடம் சொல்லவில்லை. 'கணக்கு' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா? தெரியவில்லை. பதில் சரி என்று படும் நாட்களும் உண்டு. பயத்துக்கு நானே வைத்துக்கொண்ட நல்ல பெயராகத் தோன்றும் நாட்களும் உண்டு.

அந்த ஆண்டு சித்ரா பௌர்ணமிக்குத் தேர் சுற்றிப் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் நடக்க முடிந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து அர்ச்சனை செய்தார்கள். முடியாதவர்களின் வாசலுக்குச் சாமி வரவில்லை. இந்த நஷ்டத்துக்கு என் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அதற்கு எந்தத் தலைப்பில் இடம் என்று எனக்கு இன்றும் தெரியாது.

பழுதுபார்க்கும் வேலையில் மூட்டைத் திறந்தபோது செயலாளர் பார்க்க வந்தார். ஹெல்மெட் கொடுத்து உள்ளே அழைத்துப் போனேன். ஒரு பக்கம் உடைத்த இடத்தில் கம்பிகள் வரிகள்கூடத் தேயாமல் இருந்தன. எதிர்ப்பக்கம் மூலையில் ஒரு வளையக்கம்பி பென்சில் முனைபோலக் கூராகி அறுந்திருந்தது. பக்கத்துக் கம்பியில் ஆங்காங்கே குழி. அதற்கடுத்தது நன்றாகவே இருந்தது. அவர் விரலால் துருவைத் தொட்டுப் பார்த்தார்.

"இது போதுமா, போதாதா தம்பி?"

"பாதி போதும், பாதி போதாது ஐயா" என்றேன். உண்மையும் அதுதான். அளந்த கம்பிகளைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன், 0.96 வந்தது. 1 வந்தால் பாஸ். என் ஊகம் கொஞ்சம் கடுமை, அவ்வளவுதான். முடிவு மாறவில்லை. மனசு கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கும் அந்த எண்ணில் பதில் இல்லை.

ஸ்பானை ஜாக்கியில் தூக்கி, மூட்டுக்குப் புதுக் கம்பி கட்டி, ஸ்பான் உட்காரும் ரப்பர் பேரிங்கை மாற்றி, எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்டையும் புதிதாக வைத்தோம். இப்போது தேர் பழைய வழியிலேயே போகிறது. செயலாளர் ஆண்டுதோறும் அழைக்கிறார். பழைய பேச்சை அவர் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. அதே கேள்வியை இன்னொரு ஊரில் இன்னொருவர் கேட்டால், விடுவேன் என்றுதான் என் வாயில் வரும். அறிக்கையில் ஒரு வார்த்தையையும் மாற்ற மாட்டேன்.