சவுண்டு கார்டு டிரைவரை இறக்கினால் மெஷின் உறைகிறது: காரணம் சிக்கியது

மண்டபம் பக்கம் கரைவலை இழுப்பவர்கள் பாடிய அம்பாப் பாட்டுகள் கொஞ்சம் கேசட்டில் இருக்கின்றன, நாடா பிசுபிசுத்துப் போவதற்குள் பழைய பிசிஐ சவுண்டு கார்டு வழியாக லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். சஸ்பெண்ட் போட்டு எழுப்பினால் கார்டு ஊமையாகிவிடும், டிரைவரை இறக்கி ஏற்றினால் சத்தம் வரும். ஆனால் டிரைவரை இறக்கும் ஆர்எம்மாட் கட்டளையைக் கொடுத்ததும் சில சமயம் மொத்த மெஷினும் உறைந்துவிடுகிறது.

உப்புக் காற்று அடிக்கிற ஊர் என்பதால் ரேம், கார்டு இரண்டின் முனைகளையும் ரப்பரால் தேய்த்துவிட்டு ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். பிழை எதுவும் இல்லை. அடுத்த சந்தேகம் பைப்வயர், லினக்ஸில் சத்தத்தைக் கையாளும் சர்வீஸ். அது கார்டைப் பிடித்திருந்தால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மாட்யூலை, அதாவது டிரைவரை, இறக்கவே விடாது (அப்போது ஃபோர்ஸ் போட்டு இறக்காதீர்கள், ஆபத்து). கார்டை எது பிடித்திருக்கிறது என்று ஃப்யூசர் கட்டளையில் பார்த்து பைப்வயர், அதன் சாக்கெட், அதன் துணை சர்வீஸான வயர்பிளம்பர் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அப்போதும் உறைந்தது.

உறையும்போது கடைசி வரிகள் டிஸ்க்குக்குப் போய்ச் சேராததால் ஜர்னலில் (சிஸ்டம் பதிவில்) ஒன்றும் இல்லை. நெட்கன்சோல் போட்டு, கெர்னல் செய்திகளை நெட்வொர்க் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு அனுப்பினேன், அங்கே 6666 போர்ட்டில் அவற்றை வாங்கிக் காட்ட நெட்கேட் காத்திருந்தது. இதற்கு வைஃபையை நம்ப வேண்டாம். மறுபடி உறைந்தபோது லேப்டாப்பில் பேஜ் ஃபால்ட் (இல்லாத மெமரி முகவரியைத் தொட்ட பிழை) வந்து விழுந்தது, இடம் டிரைவரின் இன்டரப்ட் ஃபங்ஷன், அதாவது கார்டு கவனிக்கச் சொல்லி சிக்னல் கொடுக்கும்போது ஓடும் பகுதி.

எந்தச் சாதனம் எந்த இன்டரப்ட் லைனில் என்று காட்டும் ப்ராக் இன்டரப்ட்ஸ் ஃபைலைத் திறந்தால் கார்டும் யுஎஸ்பி கன்ட்ரோலரும் ஒரே லைனில். அட, யுஎஸ்பி மவுஸ்! மவுஸைத் தொடாமல் பழைய பிஎஸ்2 கீபோர்டிலேயே இறக்கினால் ஒன்றும் ஆகவில்லை, அசைத்துக்கொண்டே இறக்கினால் உடனே உறைகிறது.

இது கெர்னலோடு வருகிற டிரைவர் இல்லை, தனியாக எடுத்துக் கம்பைல் செய்தது, அதனால் சோர்ஸ் கையில் இருந்தது. டிரைவரை இறக்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் முதலில் ஐஓஅன்மேப் (கார்டின் ரெஜிஸ்டர்களுக்கான வழியை மூடுவது), அப்புறம் 100 மில்லிசெகண்ட் தூக்கம், அதற்கும் பிறகுதான் ஃப்ரீஐஆர்க்யூ (இன்டரப்ட் ஃபங்ஷனை விலக்குவது). அந்த இடைவெளியில் மவுஸ் அசைந்தால் லைனைப் பகிர்வதால் சவுண்டு டிரைவரின் ஃபங்ஷனையும் கெர்னல் கூப்பிடும், அது இல்லாமல் போன ரெஜிஸ்டரைப் படிக்கப் போய் விழும். வரிசையை மாற்றினேன்: கார்டின் இன்டரப்டை அணை, ஃப்ரீஐஆர்க்யூ, கடைசியில் ஐஓஅன்மேப். இப்போது மவுஸை எப்படி ஆட்டினாலும் சத்தமில்லாமல் இறங்குகிறது.

சஸ்பெண்டுக்குப் பின் ஊமையாவது இன்னும் தீரவில்லை. ரெஸ்யூம் ஃபங்ஷனில் கோடெக்கை (கார்டில் சத்தத்தை டிஜிட்டலாகவும் திரும்பவும் மாற்றும் சிப்) ரீசெட் செய்கிற வரியே இல்லை, அடுத்து அதைச் சேர்த்துப் பார்க்கிறேன்.